ஸ்டீயரிங் ராக்கை வீட்டிலேயே மாற்றலாமா? நடு தவறாமல் மாற்றும் விதம்

கேட்டவர் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். வண்டி 2017-ஆம் ஆண்டு இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அகலம் திருப்பிய பிறகுதான் சக்கரம் கேட்கிறது. குண்டும் குழியுமான பாதையில் இடப்பக்கம் 'டக்' என்று தட்டுகிறது. நிறுத்திவைத்த இடத்தில் எண்ணெய்ச் சொட்டு விழுகிறது. ராக் போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டார்கள். ராக் என்பது, ஸ்டீயரிங் வளையம் சுழல்வதை இடவல நகர்வாக மாற்றி முன்சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம். பம்புசெட், டிராக்டர் வேலைகளில் கை பழகியவர் இவர். கொட்டகையிலேயே இதைச் செய்துவிட முடியுமா என்று கேட்கிறார்.

முடியும். கையில் நல்ல ஸ்பேனர்கள், உறுதியான ஸ்டாண்டுகள், துணைக்கு ஓர் ஆள், இரண்டு முழு நாள் இருந்தால் முடியும். ஆனால் ராக்கை விலைக்கு வாங்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்கி, ஆட்டம் உண்மையில் எங்கே இருக்கிறது என்று உங்கள் கையாலேயே பாருங்கள். ஸ்டீயரிங் வளையத்துக்கும் டயருக்கும் இடையில் ஆட்டம் வரக்கூடிய இடங்கள் பல. அவற்றில் விலை கூடியது ராக். ஒர்க்‌ஷாப்பில் அதன் பெயர் முதலில் வருகிறது என்பதற்காக அதுதான் குற்றவாளி என்று முடிவு கட்ட வேண்டாம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்கள் தரையில் இருக்கும்படியே வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். இன்ஜின் ஓட வேண்டும். காரணம் இருக்கிறது. இது ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். ராக்கின் மேல்முனையில், வால்வுக்குள், ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி உண்டு. இன்ஜின் ஓடாதபோது வளையத்தைத் திருப்பினால் முதலில் அந்தக் கம்பிதான் சிறிது முறுகும், ராக் அசையாது. புது வண்டியிலும் அப்படித்தான். அதை ஆட்டம் என்று நினைத்து நல்ல ராக்கைக் கழற்றிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

துணையாள் வளையத்தை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். கியரைத் தொடக் கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நீங்கள் முன்பக்கமிருந்து கையை நீட்டி ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். இணையும் இரண்டு பாகங்களின் மேலும் ஒரே நேரத்தில் விரல் படும்படி பிடியுங்கள். ஒன்று அசைந்த பிறகு இன்னொன்று அசைந்தால் அந்த இணைப்புதான் தேய்ந்திருக்கிறது. பேன் பெல்ட்டிலிருந்து சட்டைக் கையை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்டீயரிங் தண்டிலுள்ள கிராஸ் ஜாயிண்ட்டும் ராக்கோடு சேரும் கப்ளிங்கும். ஒருமுறை, டை ராட் எண்டுகள் (ராக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பிகளின் நுனி மூட்டுகள்) இரண்டும் புதிதாக மாற்றப்பட்டும் ஆட்டம் தீராத ஒரு பிக்கப் என்னிடம் வந்தது. கப்ளிங் போல்ட் கையாலேயே சுழன்றது. அதை இறுக்கியதும் ஆட்டம் நின்றது. வேறு செலவே இல்லை. அடுத்து ராக்கைச் சேசியின் குறுக்குச் சட்டத்தோடு பிடிக்கும் புஷ்கள். வளையம் ஆடும்போது ராக்கின் உடல் முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்தால் புஷ்தான் நைந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதும். பிறகு சக்கரத்தருகே உள்ள டை ராட் எண்டு. கடைசியாக மடிப்பு மடிப்பான ரப்பர் உறைக்குள் (இதுதான் பூட்) ஒளிந்திருக்கும் ராக் எண்டு. பூட்டை விரல்களால் அமுக்கி உள்ளே இருக்கும் பந்து மூட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே 'டக்' என்று தட்டினால் நீங்கள் சொன்ன இடப்பக்கச் சத்தத்தின் வீடு அதுவாகத்தான் இருக்கும். ராக் எண்டு தனியாகக் கிடைக்கும். அது மட்டும் தேய்ந்திருந்தால் ராக்கைத் தொடவே வேண்டாம்.

பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். இடமும் வலமும் பிடித்தும் ஆட்டுங்கள். மேல்கீழ் ஆட்டம் வீல் பேரிங்கையோ பால் ஜாயிண்ட்டையோ காட்டும். இடவல ஆட்டம் மட்டும் இருந்தால் டை ராடுகளின் பக்கம் தேடுங்கள்.

இன்னொரு கேள்வியும் உங்களிடம் கேட்க வேண்டும். வண்டி அலைவது காலியாகப் போகும்போதா, தேங்காய் ஏற்றியபோதா? பின்னால் பட்டை ஸ்பிரிங் உள்ள பிக்கப்பில் சுமை அதிகமானால் வால் இறங்கி மூக்கு தூக்கும். முன்சக்கரங்களின் மேல் கனம் குறையும். அவற்றின் சாய்வுக் கோணமும் மாறும். ராக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அப்போது ஸ்டீயரிங் இலேசாகி, வண்டி சாலையில் நிலைகொள்ளாது. ஏற்றியபோது மட்டும் அலைகிறதென்றால் முதலில் சுமையையும் பின் ஸ்பிரிங்கையும் டயர் காற்றையும் பாருங்கள்.

ராக்தான் என்று அடித்துச் சொல்லும் அடையாளங்கள் இரண்டு. பூட்டின் கிளிப்பைத் தளர்த்தி ஓரத்தைத் தூக்கும்போது உள்ளிருந்து எண்ணெய் வழிந்தால் ராக்கின் ஆயில் சீல் போய்விட்டது. பூட்டுக்குள் கிரீஸ் இருக்கலாம். எண்ணெய் தேங்கியிருக்கவே கூடாது. இரண்டு பூட்டுகளுக்கும் இடையே காற்றுப் போகச் சிறு குழாய் இருக்கும் ராக்குகளில் எண்ணெய் மறுபக்கத்துக்கும் போய்ச் சேரும். எனவே எந்தப் பக்கம் சொட்டுகிறதோ அந்தப் பக்கச் சீல்தான் போயிற்று என்று சொல்லிவிட முடியாது. இரண்டாவது அடையாளம், நேர்நிலையில் மட்டும் ஆட்டம். வளையத்தை ஒரு சுற்று திருப்பிய பிறகு அங்கே ஆட்டமே இல்லை. நாம் ஓட்டுவதில் பெரும்பகுதி நேர்ச்சாலைதான் என்பதால் ராக்கின் நடுப்பற்கள்தான் முதலில் தேய்கின்றன.

இங்கே ஓர் ஆசை வரும். ராக்கின் முதுகில் ஒரு பெரிய அட்ஜஸ்டர் மூடி இருக்கும். அதை இறுக்கினால் பல்லோடு பல் நெருங்கி ஆட்டம் குறையும். தேய்ந்த ராக்கில் அப்படிச் செய்யாதீர்கள். நடுவில் சரியாக இருக்கும்படி இறுக்கினால், தேயாத ஓரப்பற்கள் வரும்போது பிடித்துக்கொள்ளும். திருப்பத்தில் திருப்பிய வளையம் தானாக நேருக்குத் திரும்பாது. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அப்படிப்பட்ட வண்டியை ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள்.

சரி, ராக்தான் என்று உறுதியாகிவிட்டது. என்ன வாங்குவது? கம்பெனியின் புது ராக் முதல் தேர்வு. பெயர் பெற்ற தயாரிப்பாளரின் மாற்று ராக் இரண்டாவது. சீல் மட்டும் மாற்றிப் பழுது பார்த்த ராக் உங்களுக்கு வேண்டாம், ஏனென்றால் உங்கள் வண்டியில் பற்களும் தேய்ந்திருக்கின்றன. சீல் கிட் பல்லை வளர்க்காது. சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் எடுப்பதானால் கடையிலேயே பினியன் தண்டை (ராக்கின் பற்களைத் தள்ளும் பல்லுள்ள தண்டு) கையால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பிப் பாருங்கள். நடுவில் தளர்வு, ஓரத்தில் இறுக்கம் என்று விரலுக்குப் பட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எங்கே வாங்கினாலும் பினியன் முனையின் பல்வரிசை, எண்ணெய்க் குழாய்களின் மரை, பிடிமான துளைகளின் இடைவெளி மூன்றும் ஒத்துப்போகின்றனவா, ராக் எண்டுகள் சேர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள்.

இனி வேலைக்கு வருகிறேன். இந்த வேலை முழுவதிலும் மனத்தில் பிடித்துக்கொள்ள வேண்டிய சொல் நடு. ஸ்டீயரிங் வளையத்துக்கு ஒரு நடு இருக்கிறது. அதன் கீழே, ஏர்பேகுக்கும் ஹாரனுக்கும் மின்சாரம் கொண்டுசெல்லும் கிளாக் ஸ்பிரிங்குக்கு ஒரு நடு. ராக்குக்கு ஒரு நடு. சக்கரங்கள் நேராக நிற்கும் நிலை நான்காவது. இந்த நான்கும் ஒரே நேரத்தில் ஒத்துப்போக வேண்டும். வீட்டில் ராக் மாற்றிய பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இவற்றில் ஏதோ ஒன்று தவறியதால் வருபவை.

முதல் நாள் மாலையே கழற்ற வேண்டிய எல்லா நட்டுகளுக்கும் கம்பி பிரஷ் போட்டு, துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். அன்றைக்கே பழைய பவர் ஸ்டீயரிங் எண்ணெயையும் வெளியேற்றிவிடுங்கள். பழைய ராக் வண்டியில் இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது. எண்ணெய் கறுத்து, விரலில் தேய்த்தால் மினுமினுவென்று பொடி தெரிந்தால் பம்ப் தேய்ந்துகொண்டிருக்கிறது. அந்தப் பொடி புது ராக்குக்குள் போனால் புதுச் சீலையும் அறுக்கும். ராக்கிலிருந்து எண்ணெய் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸை எண்ணெய் டப்பாவிலிருந்து கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, டப்பாவின் திறந்த வாயை அடைத்து, புது எண்ணெய் ஊற்றிக்கொண்டே துணையாளை இன்ஜினை ஓரிரு விநாடி ஓட்டி நிறுத்தச் சொல்லுங்கள். டப்பா வற்றக் கூடாது. பம்ப் வறண்டு ஓடக் கூடாது. எந்த எண்ணெய் என்பது டப்பா மூடியிலோ வண்டியின் கையேட்டிலோ இருக்கும். அதில் உள்ளதைத் தவிர வேறெதையும் ஊற்ற வேண்டாம். வெளியே வருவது தெளிவாகும்வரை விடுங்கள். பொடி அதிகம் என்றால் பம்பையும் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

மறுநாள் காலை. வண்டியை நேராக ஓட்டிவந்து, வளையம் நடுவில் இருக்கும்படி நிறுத்துங்கள். சாவியை எடுத்துவிட்டு, ஓட்டுநர் சீட் பெல்ட்டை வளையத்துக்குள் கோத்து அதன் பூட்டில் மாட்டி இறுக்குங்கள். ஸ்டீயரிங் பூட்டு மட்டும் போதாது, அது சில இடங்களில்தான் விழும். கப்ளிங்கைக் கழற்றிய பிறகு வளையத்தைத் தடுக்க ஒன்றுமில்லை; யாராவது கதவைத் திறந்து ஏறும்போது கைப்பிடியாக அதைப் பிடித்துத் திருப்பிவிட்டால் கிளாக் ஸ்பிரிங்கின் நடு போய்விடும். அதனுள் இருப்பது சுருட்டி வைத்த தட்டையான நாடா. நடு தவறிப் பூட்டிவிட்டால், முதல்முறை முழுக்கத் திருப்பும்போது அந்த நாடா அறுந்துவிடும். ஹாரன் அடிக்காது, ஏர்பேக் விளக்கு எரியும், விபத்தில் ஏர்பேக் விரியாமலும் போகலாம். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியையும் கழற்றி வைத்துவிடுங்கள்.

ஜாக்கியை முன் குறுக்குச் சட்டத்தில் கொடுத்து, இரண்டு பக்கச் சேசியின் அடியிலும் ஸ்டாண்டு வைத்து, வண்டியின் கனம் ஸ்டாண்டில் இறங்கிய பிறகு ஜாக்கியையும் துணைக்கு விட்டு வையுங்கள். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி வைத்து வேலை செய்வதை ஊரில் பல கொட்டகைகளில் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. அந்தக் கல் விரிசல் விட்டு எச்சரிக்காது, ஒரே நொடியில் பொடியாகும். நீங்கள் முழுக்க வண்டிக்கு அடியில் படுத்துப் பலமாக இழுக்கப் போகிற வேலை இது. ஸ்டாண்டில் வைத்த பிறகு, அடியில் போகும் முன், வண்டியை இரு கையாலும் தள்ளி உலுக்கிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் அப்போதே விழட்டும். கழற்றிய இரண்டு சக்கரங்களையும் சேசிக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள்.

அடித்தகட்டைக் கழற்றுங்கள். டை ராட் எண்டின் ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி இழுத்து, நட்டைத் தளர்த்துங்கள்; முழுக்கக் கழற்றாமல் சில மரைகளில் நிற்க விடுங்கள், மூட்டு விடுபடும்போது தெறிக்காது. புல்லர் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் டை ராட் எண்டை அடிக்காமல், அது உட்கார்ந்திருக்கும் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) கண்ணின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி இரண்டு அடி கொடுங்கள். மறுபக்கத்தில் இன்னொரு சுத்தியலை அண்டக் கொடுத்து அடித்தால் அந்த அதிர்ச்சியில் கண்ணுக்குள் இறுகியிருக்கும் எண்டின் கூம்பு முனை விட்டுவிடும். பிளவுபட்ட முட்கரண்டிக் கருவியை நுழைத்து நெம்பினால் டை ராட் எண்டின் ரப்பர் கிழியும். புது எண்டு போடுவதாக இருந்தால் மட்டும் அதை எடுங்கள்.

டை ராட் எண்டைச் சுழற்றி எடுக்கும் முன் லாக் நட்டிலிருந்து எண்டின் கண்ணின் நடுவரை அளவெடுத்து, சாக்பீஸால் சுவரிலேயே எழுதி வையுங்கள். கழற்றும்போது எத்தனை சுற்று வந்தது என்றும் எண்ணுங்கள். இடம், வலம் தனித்தனியாக. ஒரு முழுச் சுற்று தவறினாலே டயர்களின் முன்விளிம்புகளுக்கு இடையிலான தூரமும் பின்விளிம்புகளுக்கு இடையிலான தூரமும் பல மில்லிமீட்டர் வேறுபட்டுவிடும்.

எண்ணெய்க் குழாய்களைத் தொடும் முன் அந்த இடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். ஒரு மணல் துகள் போதும் வால்வைக் கெடுக்க. குழாய் நட்டுக்குப் பிளேர் ஸ்பேனர் என்று தனியாக உண்டு. நட்டை ஏறக்குறைய முழுக்கச் சுற்றிப் பிடிக்கும். சாதாரண ஸ்பேனர் மூலைகளை வழித்துவிடும். அப்படி வழிந்தால் அந்தக் குழாயையே மாற்ற வேண்டிவரும். கழற்றியதும் குழாய் முனைகளில் ரப்பர் கையுறையின் விரல்களை வெட்டி மாட்டிக் கட்டிவிடுங்கள்.

கப்ளிங் போல்ட்டுக்கு வரும்போது, கப்ளிங்கின் மேலும் பினியன் தண்டின் மேலும் சேர்த்து ஒரே கோடாகப் பெயிண்ட் இழுங்கள். போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுதாக உருவ வேண்டும். தண்டில் வெட்டிய பள்ளத்தின் வழியே அது போகிறது, இருக்கும்வரை கப்ளிங் ஏறாது. இது தெரியாமல் கடப்பாரையால் நெம்பியும் தட்டியும் பினியன் முனையைச் சிதைத்தவர்கள் உண்டு. போல்ட்டை உருவிய பிறகும் பிடித்திருந்தால் கப்ளிங்கின் வெட்டில் பட்டை உளியை வைத்து மெதுவாகத் தட்டி அரை மில்லிமீட்டர் விரியுங்கள், வழுக்கி மேலேறும்.

பிடிமான போல்ட்டுகளைக் கடைசியில் எடுங்கள். கடைசி போல்ட் வரும்போது துணையாள் ராக்கைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். இரும்புக்கோல் போல நீளமான, கனமான பொருள், முகத்துக்கு நேர் மேலே இருக்கிறது. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் முன் டிஃபரன்ஷியலும் ஸ்டெபிலைசர் கம்பியும் வழியை அடைக்கும். கம்பியின் பிடிகளைத் தளர்த்தி இறக்கிக்கொண்டு, ராக்கைச் சுழற்றி, ஒரு பக்கச் சக்கரக் குழியின் வழியாக நீளவாக்கில் உருவ வேண்டும். எந்தக் கோணத்தில் வெளியே வந்தது என்று கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். உள்ளே போவதும் அதே கோணத்தில்தான்.

பழையதையும் புதியதையும் ஒரு சாக்கின் மேல் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து ஒப்பிடுங்கள். நீளம், துளை, பல்வரிசை, குழாய் வாய்கள் எல்லாம் சரியா? பிறகு புது ராக்கின் நடுவைக் கண்டுபிடியுங்கள். பினியன் தண்டில் ஒரு பெயிண்ட் புள்ளி வையுங்கள். ஒரு கோடிவரை மெதுவாகத் திருப்பி, அங்கிருந்து மறுகோடிவரை எத்தனை சுற்று என்று புள்ளியைப் பார்த்து எண்ணுங்கள். மூன்றரைச் சுற்று வந்தால் ஒன்றே முக்கால் சுற்று திரும்பி வாருங்கள், அதுதான் நடு. இரு பக்கமும் வெளியே நீளும் ராக் எண்டுகளின் நீளத்தை அளந்து சமமாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கிடைத்த இடத்தில் பினியனுக்கும் உறைக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டால், தூக்கி மாட்டும்போது அசைந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

மாட்டும்போது பிடிமான போல்ட்டுகள் எல்லாவற்றையும் முதலில் கையால் மரையேற்றுங்கள். பிறகு கப்ளிங்கைப் பழைய பெயிண்ட் கோடு பார்த்து இறக்குங்கள். அந்தக் கோடு கப்ளிங்கில் இருக்கிறது, புதுப் பினியனில் இல்லை. பழைய ராக்கை நடுவில் வைத்துப் பார்த்தால் கோடு எந்தப் பல்லில் விழுகிறது என்று தெரியும், அதே இடத்தைப் புதியதில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பல் தவறினால் வளையம் கோணலாக நிற்கும். கப்ளிங் இறங்கவில்லையென்றால் தட்ட வேண்டாம், தட்டும் அதிர்ச்சி நேரே வால்வுக்குப் போகும். பல் பொருந்தாததுதான் காரணமாக இருக்கும்.

குழாய்களுக்குப் புது ஓ-ரிங், புது வாஷர். பழையதைத் திரும்பப் போட்டு ஐம்பது ரூபாய் மிச்சம் பிடித்து, மீண்டும் எல்லாவற்றையும் பிரிக்கும் வேலை வேண்டாம். எல்லா இறுக்கங்களையும் டார்க் ரெஞ்ச் வைத்து, உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு முடியுங்கள். டை ராட் எண்டு நட்டில் ஸ்பிளிட் பின் துளை ஒத்துவரவில்லையென்றால் அடுத்த பள்ளம் வரும்வரை இறுக்குங்கள். தளர்த்தி ஒத்துக்கொண்டுவரக் கூடாது. பின் புதிதாக இருக்கட்டும். பழைய பின்னை ஒருபோதும் போடாதீர்கள்.

காற்று எடுக்கும் வேலையில்தான் அவசரம் பலரைக் கவிழ்க்கிறது. முன்சக்கரங்கள் தரையில் படாமல் இருக்கும்போதே, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், டப்பாவில் எண்ணெய் ஊற்றி, வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாக இருபது முறை திருப்புங்கள். சீட் பெல்ட்டை அவிழ்க்க மறக்க வேண்டாம். துணையாள் டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். குமிழி வரும், மட்டம் இறங்கும், ஊற்றுங்கள். குமிழி நின்ற பிறகு பேட்டரியை மாட்டி, ஸ்டார்ட் செய்து, ஐடிலிலேயே விட்டு மீண்டும் மெதுவாகத் திருப்புங்கள். எண்ணெய் பால் கலந்த தேநீர் போல நுரைத்தால் உள்ளே காற்று கலந்திருக்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் விடுங்கள், நுரை அடங்கும், பிறகு மீண்டும் தொடங்குங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்துக் காற்றை விரட்ட நினைத்தால் அது இன்னும் நன்றாகக் கலக்கும். வளையத்தைக் கோடியில் சில விநாடிகளுக்கு மேல் பிடிக்காதீர்கள். அங்கே பம்பின் முழு அழுத்தமும் போக வழியில்லாமல் நின்று எண்ணெயைக் கொதிக்க வைக்கும். பம்ப் முனகல் நின்று, திருப்பும் கனம் இரு பக்கமும் ஒரே மாதிரி வரும்போது காற்று போய்விட்டது.

கழற்றிய சக்கரங்களைத் திரும்ப மாட்டி, இறக்குவதற்கு முன் ஒரு முன்சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே, அசையாமல் பிடித்த ஆணியால் டயரின் நடுவில் ஒரு மெல்லிய கோடு கீறுங்கள். மற்றதிலும் அப்படியே. வண்டியை இறக்கி, சில அடிகள் முன்னே தள்ளி விட்டு, வளையத்தை நடுவில் வைத்து, அச்சு உயரத்தில் இரு கோடுகளுக்கும் இடையிலான தூரத்தை டயரின் முன்பக்கமும் பின்பக்கமும் அளந்து பாருங்கள். முன்பக்கம் ஓரிரு மில்லிமீட்டர் குறைவாகவோ சமமாகவோ வந்தால் அலைன்மெண்ட் கடைவரை மெதுவாக ஓட்டிச் செல்லலாம். அதற்கு மேல் வேறுபட்டால் இரண்டு டை ராடுகளையும் சம அளவில் திருப்பி இங்கேயே நெருக்கிக்கொள்ளுங்கள். இது கடைக்குப் போய்ச் சேருவதற்கான ஏற்பாடுதான். அலைன்மெண்ட் செய்யாமல் தொடர்ந்து ஓட்டினால் ஒரு ஜோடி டயர் கண்முன்னே தேய்ந்து போகும்.

அந்தக் கடையில் பக்கத்திலேயே நில்லுங்கள். வளையம் கோணலாக இருந்தால், அதைக் கழற்றி நேராக மாட்டித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். நீங்கள் பாடுபட்டுப் பிடித்த நடு அங்கே கலைந்துவிடும். ராக்கின் நடு ஒரு பக்கம், வளையத்தின் நடு வேறு பக்கம் என்று ஆகி, வண்டி ஒரு பக்கம் குறுகத் திரும்பும், மறுபக்கம் அகலத் திரும்பும். ஒரு பக்க டை ராடைக் கூட்டி, மறுபக்கத்தை அதே அளவு குறைத்தால் வளையம் நேராகிவிடும், அதுதான் முறை. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) உள்ள மாடலாக இருந்தால் ஸ்டீயரிங் கோண சென்சாரையும் ஸ்கேனர் மூலம் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

முதல் இரவு ராக்குக்கு நேர் கீழே ஒரு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு இருந்தால் எந்தக் குழாய் மூட்டுக்கு நேர் கீழே என்று அட்டையே காட்டும். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி அடியில் படுத்து, பிடிமான போல்ட்டுகள், கப்ளிங் போல்ட், டை ராட் லாக் நட்டுகள், வீல் நட்டுகள் எல்லாவற்றிலும் டார்க் ரெஞ்சை ஒருமுறை வைத்துப் பாருங்கள். பூட்டின் கிளிப்புகளையும் பாருங்கள். தோட்டத்துச் சேறும் வாய்க்கால் தண்ணீரும் பழைய ராக்குக்குள் புகுந்தது பெரும்பாலும் தளர்ந்த ஒரு கிளிப்பின் வழியாகத்தான் இருந்திருக்கும்.